மஞ்சள் கவுனை எடுத்துப்போன பேய்

எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அதை அப்பாவிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். தரைத்தளத்தில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொந்த ஊர் கோபிப் பக்கம். எதிர்வீடு திருநெல்வேலி, மாடிவீடு வேலூர். யார் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எல்லோருக்கும் நேரம் சொன்னது தொழிற்சாலைச் சங்குதான். காலையில் சங்கு ஊதினால் சைக்கிள்கள் எல்லாம் ஒரே திசையில் போகும். உச்சிவேளையில் ஊதினால் சாப்பாடு. சாயங்காலம் ஊதினால் அதே சைக்கிள்கள் திரும்பி வரும்.

குவார்ட்டர்ஸில் அப்பாவுக்கு நல்ல பெயர். குடிக்க மாட்டார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போட முதல் ஆளாக நிற்பார். வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் சில காரியங்களை வரிசை மாறாமல் செய்வார். முதலில் டிவியின் தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அடுத்து வாசலில் கிடக்கும் அம்மாவின் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அப்புறம் சமையல்கட்டில் கழுவிக் கவிழ்த்திருக்கும் டம்ளர்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல இதுவும் ஏதோ ஒரு முறை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்ததும் நானும் டிவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஒருநாள் அதைப் பார்த்த அம்மா, என் கையை வெடுக்கென்று தட்டிவிட்டாள்.

டிவி சூடாக இருந்தாலோ, செருப்பில் ஈர மண் இருந்தாலோ, டம்ளர் ஒன்று கூடுதலாகக் கவிழ்ந்திருந்தாலோ அப்பா அம்மாவை அறைக்குள் கூப்பிடுவார். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. திரும்பி வரும்போது அம்மா முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் மூடிக்கொண்டிருப்பாள். ஆவடி வெயிலில் அம்மாவுக்கு மட்டும் எப்படிக் குளிர்கிறது என்பது எனக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று. அம்மாவின் போனை அப்பா தன்னோடு வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அம்மா தனியாக வெளியே போவது வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான். அதற்கும் நான் கூடப் போக வேண்டும். திரும்பி வந்ததும் எங்கெங்கே நின்றோம், யார் யாரிடம் பேசினோம் என்று அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும். நான் நன்றாக ஒப்பிப்பேன். அப்பா என் தலையைத் தடவிக் கொடுப்பார்.

எங்கள் பிளாக்கின் கடைசி வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அங்கே ஒரு பெண் கொளுத்திக்கொண்டு செத்துப்போனாள் என்று மாடிவீட்டுப் பெண் சொல்லியிருந்தாள். உச்சிச் சங்கு ஊதும்போது அவள் எழுந்து வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பாளாம். திறந்தால் உள்ளே வந்துவிடுவாளாம். இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "அவ பேர் என்னன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. பேய்க்கு எதற்குப் பெயர்?

முதலில் காணாமல் போனது என்னுடைய மஞ்சள் கவுன். பிறந்தநாளுக்கு எடுத்தது, கழுத்தில் வெள்ளை லேஸ் வைத்தது. பீரோவில் அது இருந்த இடத்தில் பழைய போர்வை ஒன்று மடித்து வைத்திருந்தது, மேடு சரியாக அதே உயரத்துக்கு. அம்மாவைக் கேட்டேன். "வெளுக்கப் போட்டிருக்குது" என்றாள். அடுத்த வாரம் என் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் காணோம். அப்புறம் அம்மாவின் பச்சைப் புடவை. அப்புறம் என் போன வருஷத்து மதிப்பெண் அட்டை. அப்புறம் அம்மா சின்னப் பெண்ணாக அவள் அப்பாவோடு நிற்கும் போட்டோ. ஒவ்வொரு பொருள் போன இடத்திலும் வேறு ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. திருடன் இப்படிச் செய்ய மாட்டான். அந்தக் கடைசி வீட்டுப் பெண்தான் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அம்மாவைப் பேய் பிடித்துவிட்டது என்று தெரிந்தது ஒரு சனிக்கிழமை. அரைநாள் பள்ளி. நான் உச்சிச் சங்கு ஊதும்போது வீட்டுக்கு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் மட்டும் அசைந்தது. ஒம்போது, எட்டு, நாலு என்று ஏதோ எண்களாகச் சொல்லிக்கொண்டே போனாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அப்புறம் தன் பெயரைச் சொன்னாள். சுவரிடம் சொல்கிறாள்! "எனக்கு ஒரு பொண்ணு இருக்கறா. எங்களுக்குத் தங்க எடம் வேணும்" என்றாள். அவள் குரல் மாதிரியே இல்லை.

அந்த எண்களை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. குவார்ட்டர்ஸ் நடுவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் தள்ளுவண்டி வைத்து ஒரு அக்கா இஸ்திரி போடுவாள். வீடு வீடாக வந்து துணி வாங்கிப் போவாள். சில வாரம் முன்பு அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து, வாசலில் உட்கார்ந்து துணியை எண்ணினாள். "சட்ட ஒம்போது, பேண்ட்டு எட்டு, பொடவ நாலு..." நாங்கள் போட்டிருந்ததே மொத்தம் ஆறு உருப்படி. "அக்கா, சட்டை மூணுதான்" என்று நான் திருத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். இஸ்திரி அக்கா சளைக்காமல் மறுபடி முதலிலிருந்து தப்பாகவே எண்ணினாள். அப்பா பேப்பரை விலக்காமல் சிரித்தார். "எண்ணத் தெரியாதவகிட்டப் போயித் துணியக் குடுக்கறியே" என்றார்.

பேய் பிடித்த அம்மாவை யார் காப்பாற்றுவது? எனக்குத் தெரிந்த தைரியசாலி அப்பா ஒருவர்தான். ஒரு வாரத்துக்கு மேல் பயந்துகொண்டே இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் டிவியைத் தொட்டு, செருப்பைப் பார்த்து, டம்ளர்களைப் பார்த்து முடித்ததும் மடியில் ஏறி உட்கார்ந்து காதுக்குள் சொன்னேன்.

"பேயா?" என்றார். ரொம்ப மெதுவாக. "எங்க கண்ணு, அப்பாவுக்குக் காட்டு."

என் விரலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் வீடு முழுக்க அழைத்துப் போய்க் காட்டினேன். இங்கேதான் மஞ்சள் கவுன் இருந்தது. இங்கே டம்ளர். இங்கே போட்டோ. போர்வையை எடுத்துப் பார்த்தார், மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார். பீரோவின் அடித்தட்டில் சர்டிபிகேட் வைக்கும் பிளாஸ்டிக் பையை அவராகவே திறந்தார். அதற்குள் பழைய காலண்டர் தாள்கள் இருந்தன.

"ஆமா கண்ணு, பேய்தான்" என்றார். "நல்லவேளை சொன்ன."

சமையல்கட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தது, நான்கு அடித்தது, யாரும் அணைக்கவில்லை. அப்புறம் நாங்கள் சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார். "ரசம் இன்னிக்கு நல்லா இருக்குது" என்றார். அன்றைக்கு அப்பா அம்மாவை அறைக்குள் கூப்பிடவே இல்லை.

காலையில் எனக்குச் சீருடை எடுத்து வைக்கவில்லை. "பாப்பா இன்னிக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டாம்" என்றார் அப்பா. "சாயங்காலம் நாம மூணு பேரும் ஊருக்குப் போறோம்."

"கோபிக்காப்பா?"

"அது இல்ல. வேற ஊரு. நல்ல ஊரு."

எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு வெளியே போனார். கதவில் பூட்டு விழுந்தது. சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தம், சங்கு, அப்புறம் ஒன்றுமில்லை. நான் அழுதேன். பேயோடு சேர்த்துப் பூட்டிவிட்டாரே என்ற அழுகை. அம்மா என்னைத் தேற்றவில்லை. கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி, சாத்திய வீட்டுக்குள் காற்று புழுங்கியது. ஜன்னல் இடுக்கில் ஒரு வெளிச்சக் கோடு தரையில் மெல்ல நகர்ந்து அவள் காலைத் தொட்டது. அப்போதும் அவள் நகரவில்லை.

சமையல்கட்டு ஜன்னலை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினேன். அம்மா எழுந்து போய் ஒரு விரற்கடை திறந்தாள்.

"இன்னாம்மா, வெளிய பூட்டு தொங்கிக்கினு கீது?" இஸ்திரி அக்காவின் குரல். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. "புள்ள?" "உள்ளதான் இருக்கறா." அப்புறம் அக்கா, "வெள்ளிக்கெழம வரிக்கும் தாங்காது போல. சரி, அழுவாத. சங்கு ஊதட்டும்" என்றாள். ஜன்னல் சாத்திக்கொண்டது.

சங்கு ஊதுவதற்காக அம்மா காத்திருந்தாள். உலகத்தில் எந்த அம்மாவாவது அந்த நேரத்துக்காகக் காத்திருப்பாளா? பயந்து அறைக்குள் ஓடிவிட்ட என்னை வெளியே வரச் சொன்னாள். நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சங்கு எழுந்தது. முதலில் முனகல்போல ஆரம்பித்து, ஏறி ஏறி ஊரையே மூடியது. அந்தச் சத்தத்துக்கு அடியில் எங்கள் கதவு அதிர்ந்தது. தட்டவில்லை, இடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. நான்காவது இடியில் நாதாங்கி பிய்ந்து விழுந்து கதவு திறந்துகொண்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தேன். வாசலில் வெயில். அதில் இரண்டு கறுத்த கால்கள். தரையில் நெருப்புத்துண்டு ஒன்று சிதறி வந்து கனன்றுகொண்டிருந்தது. மாடிவீட்டுப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை. கொளுத்திக்கொண்ட பெண் வந்துவிட்டாள்.

அம்மா என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் "அப்பா, அப்பா" என்று கத்தினேன். அவள் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தச் சுவை வாயில் பட்டும் விடவில்லை. அம்மாவும் விடவில்லை. வாசலில் இஸ்திரி அக்கா தன் கரி இஸ்திரிப்பெட்டியை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். ஏழெட்டுக் கிலோ இருக்கும் அந்தப் பித்தளைப் பெட்டி. அதன் மூக்கு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

அக்கா சேலைக்கு மேல் எப்போதும் ஒரு பழைய ஆண்சட்டையைப் போட்டிருப்பாள். அதைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டினாள். கரியைத் தொட்டு அம்மாவின் கன்னத்தில் இரண்டு இழுப்பு. தலையில் சும்மாடு, அதன்மேல் முகத்தை மறைக்கும்படி ஒரு துணிமூட்டை. என்னைத் தூக்கி வண்டிக்கு அடியில் தகரம் அடித்த பெட்டிபோன்ற இடத்துக்குள் திணித்தாள். "பாப்பா, சத்தம் வந்துச்சு, கொள்ளிக்கட்ட வச்சிருவேன்" என்றாள். போர்வையை இழுத்து மூடினாள்.

உள்ளே இருட்டு. மேற்பலகையிலிருந்து சூடு இறங்கியது. கரி நாற்றமும் கஞ்சி நாற்றமும் மூக்கை அடைத்தன. வண்டி நகர்ந்தது. பிடித்துக்கொள்ள எதையாவது தேடிய என் கையில் மெல்லிய துணி ஒன்று அகப்பட்டது. ஓரத்தில் லேஸ். அதற்குப் பக்கத்தில் சில்லென்று ஏதோ ஒன்று. விரலால் தடவினேன். டம்ளர். அதில் வெட்டியிருந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தேன். என் பெயர்.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, எல்லாம் தப்பாகப் புரிந்துவிட்டது. என் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது இவள்தான். இவள்தான் பேய். கடைசியாக என்னையும் எடுத்துக்கொண்டாள்.

வாசல் கேட்டில் வண்டி நின்றது. அப்பா காலையிலேயே வாட்ச்மேனிடம், என் வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை, வெளியே வந்தால் எனக்குப் போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

"யாரு இது, புதுசா கீது?" என்றது வாட்ச்மேன் குரல்.

"என் ஓரகத்தி. ஊர்லருந்து வந்துக்கீது. காது கேக்காது, நீ கத்தினாலும் திரும்பாது."

"இன்னா இந்நேரத்துல வண்டிய தள்ளிக்கினு போற?"

"பொட்டி மூக்கு நசுங்கிப்போச்சு நைனா, பாரேன். பட்டறைக்குப் போறேன்."

அப்போது நான் கத்தியிருக்கலாம். வாட்ச்மேன் தாத்தாவுக்கு என்னை நன்றாகத் தெரியும், தினமும் எனக்கு டாட்டா காட்டுவார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் அந்த நல்ல ஊருக்குப் போயிருப்போம். ஆனால் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். பேயின் பெட்டிக்குள் இருந்துகொண்டு யாரால் கத்த முடியும்? என்னைக் காப்பாற்றியது அறிவோ பாசமோ அல்ல. பயம்தான்.

மெயின்ரோட்டில் வண்டி திரும்பியதும் என்னை வெளியே எடுத்தார்கள். ஓர் ஆட்டோ நின்றது. அக்காவுக்குத் தெரிந்தவர்போல. "யக்கா, சீக்கிரம் ஏறச் சொல்லு" என்று அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கவுன், டம்ளர், புடவை, சர்டிபிகேட் எல்லாம் ஒரே மூட்டையாக என் மடியில் வந்து விழுந்தன. ஏறி உட்கார்ந்த அம்மா, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தாள்.

"அக்கா, நீங்களும் வந்துருங்க."

"நான் எங்க வர்றது? ஊட்ல ஆளு வர்ற நேரம். ஒல வைக்கணும்." அவள் ஆட்டோவின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். "போம்மா, நிக்காத."

பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே ஒரு தெருவில் பெயர்ப்பலகை இல்லாத வீடு ஒன்றுக்குப் போனோம். அம்மா மனப்பாடம் செய்த எண் அந்த வீட்டுடையது. காகிதத்தில் எழுதினால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று இஸ்திரி அக்கா துணிக்கணக்காக வந்து சொல்லிக்கொடுத்தாள். அம்மா ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பிராகாரம் சுற்ற அனுப்பிவிட்டு, பூக்காரியின் போனை வாங்கி அதில் பேசினாள்; அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்தே கிளம்பிவிடுவதாக முடிவாகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பார்க்காததை மட்டும் ஒப்பிக்க முடியவில்லை.

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. எங்களுக்கு ஓர் அறையைக் காட்டி, என் அம்மாவின் கையில் சாவியைக் கொடுத்தார். "இது உள்பக்கம் பூட்டுறது. வெளிய பூட்டே கிடையாது" என்றார். அம்மா கதவைப் பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள், திறந்தாள். அன்று சாயங்காலம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. அங்கே எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருவர் ஊரை ஒருவர் கேட்க மாட்டார்கள். ஒருத்திக்கு முடி ஒட்ட வெட்டியிருந்தது, ஒருத்தி எப்போதும் சுவரோரமாகவே நடப்பாள். வாசல் மணி அடித்தால் எல்லோரும் இருந்த இடத்திலேயே உறைந்துவிடுவார்கள். தோசைக் கரண்டி அந்தரத்தில் நிற்கும். குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பால்காரர் என்று தெரிந்ததும் மறுபடி அசைவார்கள். பேய்களெல்லாம் சேர்ந்து தங்கியிருக்கும் வீட்டில் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். எப்போது அப்பா வந்து அழைத்துப் போவார் என்று தினமும் கேட்டேன். அம்மா ஒருநாளும் அப்பாவைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. மணிக்கட்டில் என் பல் பட்ட இடம் ஆறிக்கொண்டிருந்தது.

நான்கு மாதம் அங்கே இருந்தோம். அம்மா தையல் படித்து, அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் சேர்ந்தாள். திருநின்றவூரில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. என்னை அங்கேயே பள்ளியில் போட்டாள். வழக்கு நடந்தது. ஒருமுறை கோர்ட் வராந்தாவில் அப்பா என் பக்கம் குனிந்து, பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "பேய் போயிடுச்சா கண்ணு?" என்று கேட்டார். அதே மெதுவான குரல். அம்மா என்னைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அப்பா மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார். வீட்டுக்குப் பேய் வந்ததை அவரிடம் சொன்னது நான்தான் என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பதினைந்து வயது ஆக வேண்டியிருந்தது. "தெரியும். நான் சமையல்கட்டுலதான இருந்தேன்" என்றாள். "நீ பயந்துட்ட. வேற யாருகிட்டச் சொல்லுவ?"

அப்பா போய்விட்டார் என்று உறுதியான பிறகு அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவைத் தேடிப் போனாள். ஒரு புதுப் புடவை வாங்கிக்கொண்டு நானும் அவளும் போனோம். தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி இல்லை. நாங்கள் போன அடுத்த வாரமே வராமல் நின்றுவிட்டாள் என்றார்கள். வீட்டைக் காலி பண்ணிவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார், எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்கு நினைவில்லை. அம்மா கேட்காத வீடு இல்லை. அக்காவின் பெயர் என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அத்தனை நாளும் எல்லோரும் அவளை இஸ்திரி என்றுதான் கூப்பிட்டிருந்தோம்.

அன்று ஆட்டோவில் ஏறிய பிறகு நான் பின்பக்கத்து ஓட்டை வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். பேய் பின்னாலேயே வருகிறதா என்று தெரிய வேண்டுமே. அவள் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, வெயிலில் குனிந்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சட்டை அம்மாவிடம் இருந்ததால் முதுகு தெரிந்தது. ரவிக்கைக்கு மேலே, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், தன் கை எட்டாத இடத்தில், வரிசையாகத் தழும்புகள். ஒவ்வொன்றும் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மாதிரியே கூராக இருந்தது. பழையவை கறுத்திருந்தன, ஒன்று மட்டும் இன்னும் சிவப்பாக ஈரம் காயாமல் இருந்தது. எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. பாவம், இத்தனை வருஷமாகியும் இந்த அக்காவுக்குச் சுட்டுக்கொள்ளாமல் இஸ்திரி போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.